சென்னியப்பனின் விருப்பம்

சென்னியப்பனையே கேட்டு முடிவு செய்யப் போகிறார்கள் என்றதும் துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேசைக்கு எதிரே இருந்த பெண் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மா," என்றான் தரணீஷ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்ல சாமி. உங்கப்பா சொல்லுவாராம்."

"அதுக்கு எதுக்குச் சிரிக்கற?"

"உங்கப்பா எந்தக் காலத்துல சொல்லியிருக்கறாரு, இப்பச் சொல்றதுக்கு?"

மகள் இலக்கியா வயிற்றில் கை வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறாவது மாதம். அவள் சிரிக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் சென்னியப்பன் கிடந்தார். கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, விரித்த புடவை மேலேயே சரிந்து விழுந்தவர். மூளையில் ரத்தம். அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. இயந்திரம் மூச்சு விட்டுக்கொடுத்தது. குழாய் சோறூட்டியது. டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். இப்படியே பல வருடம் இருக்கலாம். எழுந்திருக்க மாட்டார்.

முன்பெல்லாம் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பிறகு அந்தக் கையெழுத்துகளை வைத்து அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போனார்கள், மகள்கள் தாய்மாரோடு பேச்சை விட்டார்கள். சட்டத்தை மாற்றினார்கள். மனைவியோ பிள்ளையோ இனி முடிவு செய்ய முடியாது. நோயாளிதான் செய்ய வேண்டும். அவரால் பேச முடியாவிட்டால் அவருடைய பதிலி பேசும்.

எதிரே இருந்த பெண்ணின் பெயர் நஸ்ரின். பதிலிகளைத் தயாரிப்பது அவள் வேலை. சின்ன வயது. உக்கடத்துக்காரி.

"பதிலின்னா அவர் இல்லைங்கம்மா. அதை முதல்லயே சொல்லிடறேன்," என்றாள். "அவர் இதுவரைக்கும் பேசுனது, ஃபோன்ல சொன்னது, எழுதுனது எல்லாத்தையும் எடுத்துப்போம். அவர் இப்ப இந்த நாற்காலில உக்காந்திருந்தா என்ன சொல்லுவாரோ, அதைச் சொல்லும்."

"அவரு பேசவே மாட்டாரே கண்ணு."

"பொதுவா ஆம்பளைங்க பதிலிக்கு அதுதான் பிரச்சனை. வீட்டுல எடுத்தா 'ம்', 'சரி', 'சாப்பாடு ஆச்சா' இவ்வளவுதான் கிடைக்கும்." நஸ்ரின் லேசாகச் சிரித்தாள். "ஆனா சாருக்கு நிறைய இருக்கு. கடையில காலர்ல மைக் மாட்டியிருந்தாங்க இல்ல? பல வருசம். நான் இவ்வளவு முழுசா ஒரு பதிலி பார்த்ததில்லை."

ஒப்பணக்கார வீதியில் இருந்த அந்தக் கடையில் சென்னியப்பன் பட்டுப் பிரிவில் நின்றார். புடவை விற்கும் இயந்திரம் ஒன்றைப் பழக்குவதற்காக முதலாளி எல்லோர் காலரிலும் மைக் மாட்டினார். பட்டுப் பிரிவு முழுக்கக் கேமராவும் வைத்தார். இயந்திரம் தேறவில்லை. பதிவுகள் மட்டும் மிஞ்சின.

"நீங்க மூணு பேரும் ஆளுக்கொரு தடவை அதோட பேசலாம். தனியா. அப்புறம் குழு வரும். மூணு பேர். அவங்க முன்னாடி அது என்ன சொல்லுதோ, அதுதான் முடிவு."

துளசிமணி தலையாட்டினாள். சிரிப்பு நின்றிருந்தது. அதன் இடத்தில் வேறொன்று வந்திருந்தது. கிட்டத்தட்ட சந்தோஷம். அது வந்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுக்கு எந்த நிறம் அடிப்பது, மகனை எதில் சேர்ப்பது, மகளை எங்கே கொடுப்பது, எதற்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால் அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் எதை நினைத்துக்கொண்டு கேட்டாளோ அதையே சொல்வார். சரியாக வந்தது எல்லோருக்கும் பொதுவானது. தப்பாக வந்தது துளசிமணியுடையது. ஒரே ஒரு தடவையாவது இந்த மனிதன் தன் வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும் என்று அவள் நினைக்காத வருடம் இல்லை.

இப்போது சட்டமே அவரைச் சொல்ல வைக்கப் போகிறது.

பதிலியோடு பேசும் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு நாற்காலி, சுவரில் ஒலிபெருக்கி, அதன் மேல் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு லென்ஸ்.

"அதுக்குக் கண் எதுக்கு?" என்று வாசலில் நின்றபடி கேட்டாள் துளசிமணி.

"முதல்ல கண் இல்லாமத்தான் வச்சேன். 'வாங்க, உக்காருங்க'ன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரலை. ஆளைப் பார்த்துப் பேசியே பழகுனவர் போல."

தரணீஷ் முதலில் போனான். அவன் ஓசூரில் வேலை பார்த்தான். அப்பா விழுந்ததிலிருந்து ஓசூருக்கும் கோவைக்குமாகப் பேருந்தில் அலைந்துகொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் தோள்கள் இறங்கியிருந்தன. பாரம் இறக்கியவன் நிற்பதைப்போல நின்றான்.

"போதும்னு சொல்லிட்டாரும்மா. 'தம்பி, நீ அலைஞ்சது போதும். என்னைய விட்ரு சாமி'ன்னாரு."

துளசிமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சொல்லிவிட்டார் என்று மட்டும் நினைத்தாள்.

அடுத்து இலக்கியா போனாள். நெடுநேரம் உள்ளே இருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"அவசரப்படாதீங்கன்னு சொன்னாரும்மா. 'பாப்பா, உன்ற கொழந்தை சத்தத்தைக் கேட்டுட்டுப் போறேன், அதுவரைக்கும் இருக்கறேன்'னு."

மூவரும் நின்றார்கள். நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி போயிற்று. வழிவிட வேண்டியிருந்தது.

கேன்டீனில் போய் உட்கார்ந்தார்கள். காபி வந்தது.

"நீ பொய் சொல்ற," என்றான் தரணீஷ்.

"நான் எதுக்கண்ணா பொய் சொல்லோணும்?"

"எங்கிட்டத் தெளிவாச் சொன்னாரு. போதும்னு."

"உனக்கு லீவு தீந்து போச்சு. அதனால உனக்குப் போதும்னு கேட்டிருக்கும்."

"என்னடி சொன்ன?"

"தரணி," என்றாள் துளசிமணி.

"இல்லம்மா, அவ சொல்லட்டும். எனக்குத் தெரியாதா? அப்பா இப்பப் போயிட்டா வளைகாப்பு வெக்க முடியாது. அவ மாமியா வீட்டுல மண்டபம் பேசி வெச்சுட்டாங்க. அதுக்காக அந்த மனுசன் மூக்குல குழாயோட கெடக்கோணும்."

இலக்கியா எழுந்தாள். எழுந்த வேகத்தில் காபி சாய்ந்து மேசையில் ஓடியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வெளியே போனாள். தரணீஷ் பேப்பர் நாப்கினை எடுத்துக் காபியை ஒற்றத் தொடங்கினான். நாப்கின் நைந்து கையோடு வந்த பிறகும் ஒற்றிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் துளசிமணி நஸ்ரினைத் தேடிப் போனாள்.

"ரெண்டு பேர்ல ஆரு பொய் சொல்றாங்க கண்ணு?"

நஸ்ரின் தயங்கினாள். "அதைச் சொல்லக் கூடாதுங்கம்மா." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "யாரும் சொல்லலை."

"அப்ப மெசின் கெட்டுப்போச்சா?"

"அதையும் பார்த்துட்டேன். கெடலை. பழைய பதிவுல பாதியை மறைச்சு வச்சுட்டு, அந்த இடத்துல அவர் என்ன சொல்லியிருப்பாருன்னு கேட்டா, அப்படியே சொல்லுது. இது அவர்தான். ஆனா ஏன் ஆளுக்கொண்ணு சொல்லுதுன்னு எனக்குப் புரியலை."

துளசிமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிந்திருந்தது. கேன்டீனிலேயே, காபி மேசையில் ஓடியபோதே புரிந்துவிட்டது.

"கல்யாணத்துக்குப் பட்டெடுக்கப் பத்துப் பேர் வருவாங்க கண்ணு. பொண்ணு ஒண்ணு சொல்லும். அத்தைக்காரி ஒண்ணு சொல்லுவா. இவரு பொண்ணைப் பாக்க மாட்டாரு. எல்லாரும் ஆரு மொகத்தைப் பாக்கறாங்கன்னு பாப்பாரு. அந்த ஆள் மூலையில பேசாம உக்காந்திருக்கும். அது கை எந்தப் பொடவை மேல ரெண்டு தடவை போச்சோ, அதை எடுத்துப் பொண்ணு தோள்ல போட்டு, 'இது உங்களுக்குன்னே நெஞ்சதுங்க'ம்பாரு. அவ்வளவுதான். பத்துப் பேரும் நாந்தான் எடுத்தேன்னு நெனச்சுட்டுப் போவாங்க."

"அப்ப ஏமாத்தறதா?"

"ஏமாத்தறது இல்ல. அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாது. இவருக்குத் தெரிஞ்சுரும். அதைத் திருப்பிச் சொல்லுவாரு. ஒருத்தரும் இதுவரைக்கும் பொடவையைத் திருப்பிக் குடுக்க வந்ததில்ல."

நஸ்ரின் கணினித் திரையைப் பார்த்தாள். பிறகு அதை அணைத்தாள்.

"அப்ப தரணீஷ் சார்கிட்ட சொன்னது..."

"அவன் மனசுல இருந்தது. பாப்பாகிட்டச் சொன்னது அவ மனசுல இருந்தது."

"வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்டுல இன்னும் சுளுவு. ஒரே வாடிக்கைக்காரிதான." துளசிமணி சிரிக்க முயன்றாள். "துளசிமணி வெச்சதுதான் சட்டம்னு ஒறம்பரை சொந்தத்துல சொல்லுவாங்க. நான் எதையும் வெக்கலை கண்ணு. ஆராச்சும் ஒருத்தர் சொல்லித்தான ஆகோணும்."

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"அதுக்குத்தாங்கம்மா குழு இருக்கு," என்றாள் நஸ்ரின். "சொந்தக்காரங்க கேட்டா இப்படி ஆகலாம்னு தெரியும். குழுவுல இருக்கறவங்களுக்கு இதுல எதுவும் வேண்டியதில்லை. அவங்க கேக்கும்போது அவர் யாரையும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சொந்தமாத்தான் சொல்லுவாரு."

"வேண்டியது இல்லாத ஆள் ஆரு?"

நஸ்ரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நீங்க இன்னும் பேசலையே. நாளைக்குக் குழு வந்துரும். இப்பப் போறீங்களா?" என்றாள்.

"வேண்டாம்."

"ஒரு தடவை..."

"என்ற மனசுல இருக்கறதை அதுகிட்டத் தெரிஞ்சுக்க வேண்டாம் கண்ணு."

மேலே, கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரணீஷ் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உள்ளே சென்னியப்பனின் மார்பு ஏறி இறங்கியது, எல்லா மூச்சும் ஒரே அளவில்.

"அம்மா, நான் உள்ள போகும்போது அப்படி எதுவும் நெனச்சுட்டுப் போகலை. சத்தியமா."

அவனும் கண்டுபிடித்துவிட்டிருந்தான். சின்ன வயதில் கடைக்குக் கூட்டிப் போனால் அப்பா புடவை விற்பதைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான்.

"தெரியும் சாமி."

"பாப்பாகிட்டச் சொல்லிராத."

"சொல்லலை."

அவன் அவள் தோளில் தலையை வைத்தான். கனமான தலை. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

குழு மறுநாள் காலையில் வந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு அம்மாள். இன்னொருவர் வேறு ஊர் மூளை மருத்துவர். மூன்றாவது ஆள் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர், ஒல்லியானவர். பெயரைச் சொன்னார்கள், துளசிமணி மனதில் நிற்கவில்லை. அவர் வணக்கம் சொன்னதோடு சரி, வாயே திறக்கவில்லை. பேனாவை மட்டும் கையில் வைத்திருந்தார்.

குடும்பத்தார் பின்னால் சுவரோரமாக உட்கார வைக்கப்பட்டார்கள். இலக்கியா ஒரு கோடியில், தரணீஷ் மறு கோடியில். நடுவே துளசிமணி.

கூட்ட அறைக்குக் கொண்டுவந்திருந்த ஒலிபெருக்கியும் லென்ஸும் குழுவின் எதிரே இருந்தன. நஸ்ரின் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கமுங்க," என்றது சென்னியப்பனின் குரல். "வாங்க, உக்காருங்க. காத்து வருதுங்களா? காப்பி, டீ ஏதாச்சும் சொல்லட்டுங்களா?"

நீதிபதி சிரித்துவிட்டார். மருத்துவரும் சிரித்தார். துளசிமணி நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தாள். அந்தக் குரலை அவள் இத்தனை நாளும் கேட்கவில்லை.

"காபியெல்லாம் ஆச்சு சென்னியப்பன். உங்க உடம்பு எப்படி இருக்குன்னு உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க அம்மா."

"இப்படியே தொடரணுமா, நிறுத்திடலாமா? உங்க விருப்பத்தை மட்டும் சொல்லுங்க. வேற யாரையும் யோசிக்க வேண்டாம்."

லென்ஸ் நீதிபதியின் மேல் இருந்தது. பிறகு மருத்துவரிடம் போயிற்று.

"இருக்கறதுன்னா இருக்கலாமுங்க," என்றது குரல். "பொண்ணு மாசமா இருக்கறா. பேரப்புள்ள சத்தம் காதுல விழுந்தா நல்லாத்தான் இருக்கும். அதுவும் ஒரு ஆசைதானுங்களே."

இலக்கியா மூச்சை உள்ளே இழுத்தாள். மருத்துவர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி ஒல்லியானவரைப் பார்த்தார். ஒல்லியானவர் பேனாவை இடதுபக்கத்திலிருந்து எடுத்து வலதுபக்கத்தில் வைத்தார்.

லென்ஸ் அவர் பக்கம் திரும்பியது. அரை விரற்கடை அளவுதான். துளசிமணி பார்த்தாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொல்லியிருக்கிறார். முதலில் விரிப்பது விற்பதற்கு இல்லை துளசி, மடிப்பதற்கு. ஒன்றை மடித்துவைத்தால்தான் அடுத்தது எடுபடும்.

"ஆனாப் பாருங்க," என்றது குரல். மிருதுவாக, மடித்துவைக்கிற குரலில். "நான் நின்னுட்டே பொழச்சவன். படுத்துட்டே கெடக்கறதுக்கும் ஒரு அளவு இருக்குதுங்களே."

ஒல்லியானவரின் புருவம் லேசாகத் தளர்ந்தது.

"புள்ளைங்களும் எத்தனை நாளைக்கு அலைவாங்க? இந்தக் கட்டில் கெடச்சா இன்னொருத்தர் பொழச்சுப் போவாரு. எனக்குப் போதுமுங்க. மனசாரத்தான் சொல்றேன்."

ஒல்லியானவர் தலையசைத்தார். பிறகு மருத்துவர் தலையசைத்தார். பிறகு நீதிபதி எழுதினார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார் நீதிபதி. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துளசிமணியிடம் திரும்பினார். நல்ல முகம். "அம்மா, உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. இது உங்க கணவர் பேசற மாதிரி இருக்கா? இல்லைன்னு நீங்க சொன்னா நாங்க இதை எடுத்துக்க மாட்டோம். விஷயம் கோர்ட்டுக்குப் போகும். அதுவரைக்கும் சிகிச்சை தொடரும். யோசிச்சுச் சொல்லுங்க."

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. தரணீஷ் எழுந்து மறு கோடிக்குப் போயிருந்தான். இலக்கியா அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அதில் கோபம் இல்லை.

"அப்பாவே சொல்லிட்டாருண்ணா."

"ஆமாம் பாப்பா. விடு. அப்பாவே சொல்லிட்டாரு."

அவன் அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டான். கேன்டீனுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

துளசிமணி திரும்பி நீதிபதியைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இவர் உங்களுக்குச் சொல்லவில்லை, அந்தப் பேனாக்காரருக்குச் சொன்னார் என்று சொல்ல வேண்டும். முந்தானையை விரிப்பதையும் மடிப்பதையும் ஒரு நீதிபதிக்கு விளக்க வேண்டும். சொன்னால் நம்புவார்கள். நம்பினால் தரணீஷ் மறுபடி பேருந்து ஏறுவான். கேன்டீன் மேசையில் பேசியதை இருவரும் மறுபடி பேசுவார்கள், அதைவிட மோசமாகவும் பேசுவார்கள். இந்தமுறை அதை நிறுத்த அப்பாவின் வார்த்தைகூட இருக்காது.

தொண்டைக்குள் ஒன்று வந்து நின்றது. அவளுடைய விருப்பம். முழுசாக, தெளிவாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதி, மருத்துவர், ஒல்லியானவர், நஸ்ரின், இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே பதில் வேண்டியிருந்தது. அது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய திறமை எதுவும் தேவைப்படவில்லை. அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா, என்று ஒரு நொடி நினைத்தாள். ஒவ்வொரு தடவையும்?

"அவருதானுங்க," என்றாள். "இப்படித்தான் பேசுவாரு."

அதில் பொய் இல்லை.

அடுத்த நாள் குழாய்களை எடுத்தார்கள். இயந்திரத்தை நிறுத்தியதும் அவர் தானாகச் சிலமுறை மூச்சு விட்டார். அவை ஒரே அளவில் இல்லை. ஒன்று நீளமாகவும் ஒன்று சின்னதாகவும் இருந்தன. துளசிமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி மூச்சு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

கருமாதி முடிந்த பிறகு நஸ்ரின் போன் செய்தாள். பதிலியை அழிக்க வேண்டும், அது சட்டம். அதற்கு முன் யாராவது கடைசியாகப் பேச விரும்பினால் பேசலாம்.

"நாங்க பேசிட்டோம்," என்றான் தரணீஷ். "நீ போயிட்டு வாம்மா. நீ பேசவே இல்ல."

இலக்கியாவும் அதையே சொன்னாள். இருவரும் அவளைக் காரில் கூட்டிப்போனார்கள். வண்டியில் சின்ன வயசுக் கதை ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சிரித்ததும் அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு அவளை மட்டும் உள்ளே அனுப்பினார்கள்.

அதே நாற்காலி. அவள் உட்கார்ந்தாள். லென்ஸ் அவள் முகத்துக்கு வந்தது.

"துளசியா?"

"ம்."

"சாப்பிட்டயா?"

"ஆச்சுங்க."

"எளச்சிட்ட."

அவள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அறைக்கு வரக் கூடாது என்று இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது. கேட்பதால் இனி எதுவும் மாறாது.

"ஏனுங்க. நான் பண்ணுனது சரிதானுங்களா?"

அவர் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு, அவள் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும். இப்போது வரவில்லை. லென்ஸ் அவள் மேலேயே நின்றது. நஸ்ரின் அணைத்துவிட்டாளோ என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல துளசி," என்றார் சென்னியப்பன்.

அவள் அசையவில்லை.

"எனக்கு வீட்டுக்கு வரோணும்னு இருந்துச்சு. எப்படியிருந்தாலும் சரி, அந்தக் குழாயோடயே. ஜன்னலோரமா ஒரு கட்டில் போட்டு விட்டிருந்தாப் போதும். நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவள் தொண்டையில் அன்று நின்றது இதுதான். கட்டில், ஜன்னல், அதுகூட அப்படியே இருந்தது. ஒருவரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவள் முகத்தில் அதைப் படித்திருப்பார். படித்துவிட்டு, அவளுக்கு வேண்டியதைக் கடைசியாக ஒருமுறை எடுத்து அவள் தோளில் போட்டிருப்பார்.

அல்லது, நிஜமாகவே அவருக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று இருந்திருக்கும்.

"ஏனுங்க," என்றாள். "இது நீங்க சொல்றதா? இல்ல, என்ற மனசுல இருக்கறதா?"

"உனக்கு எப்படிப் படுதோ அப்படித்தான் அம்மணி."

துளசிமணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். அவருக்கு அதில் அவசரம் இருந்ததே இல்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. எழுந்து கதவைத் திறந்தாள். நஸ்ரின் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வேப்பமரத்தடியில் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். இலக்கியா இரண்டடி முன்னால் வந்தாள்.

"அப்பா என்னம்மா சொன்னாரு?"

தரணீஷ் கேட்கவில்லை. கார் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். துளசிமணி மகளைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தபடி சொன்னாள்.

"நிம்மதியாப் போய்ச் சேந்தேன்னு சொன்னாரு சாமி. நீங்க பண்ணுனதுதான் சரின்னு."

சாவியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"வேற ஏதாச்சும்?" என்றாள் இலக்கியா.

"பேரப்புள்ளைக்கு நல்ல பேரா வெக்கச் சொன்னாரு."

இருவர் முகமும் தெளிந்தது. தரணீஷ் காரின் பின்கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்தாள்.